காண்பார் இல்லாத அரங்கம்

2020இல் கொரோனா பெருந்தொற்று பரவியபோது உலகெங்கும் விளையாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. சில வாரங்களில் ஆட்டம் திரும்பி வந்தது. பார்க்கும் கூட்டம் வரவில்லை. காலி இருக்கைகளை அப்படியே விட்டுவிட அமைப்பாளர்கள் பலருக்கு மனம் ஒப்பவில்லை. தைவானின் பேஸ்பால் அரங்கில் ஏப்ரல் மாதமே ரோபோ பொம்மைகளும் அட்டை உருவங்களும் இடம்பிடித்தன. ஜெர்மனியில் மே 16 அன்று கால்பந்து லீக் மீண்டும் தொடங்கியபின், மோன்ஷென்கிளாட்பாக் கிளப்பின் ரசிகர்கள் ஆளுக்கு 19 யூரோ கட்டித் தங்கள் படத்தை அட்டையில் அச்சிடச் செய்து, தாங்கள் வழக்கமாக நிற்கும் வரிசைகளில் நிறுத்தினார்கள். இங்கிலாந்துக் கால்பந்து ஒளிபரப்பில், வீடியோ விளையாட்டுக்காகச் சேமித்து வைத்திருந்த கூட்டத்தின் இரைச்சல் சேர்க்கப்பட்டது. அமெரிக்கக் கூடைப்பந்துப் போட்டிகளில் ஆடுகளத்தை ஒட்டி 17 அடி உயரத் திரைகள் நின்றன; வீட்டில் உட்கார்ந்திருக்கும் ரசிகர்களின் முகங்கள் அவற்றில் தெரிந்தன. செப்டம்பர் 19 அன்று அபுதாபியில் தொடங்கிய ஐபிஎல் பருவத்திலும் பதிவு செய்த ஆரவாரமே தொலைக்காட்சிக்குக் கூட்டமாயிற்று.

திருச்சிராப்பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு. 2021ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிரீமியர் லீக் முழுவதும் சென்னை சேப்பாக்கத்தில், பார்வையாளர் இல்லாமல் நடந்தது. ஆகஸ்ட் 15 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ரூபி திருச்சி வாரியர்ஸ் 8 ரன் வித்தியாசத்தில் சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது. ஊரின் பெயரைச் சுமந்த அணி கோப்பையை நெருங்கிய இரவில், அந்த ஊர்க்காரர் ஒருவர்கூட பார்வையாளர் வரிசையில் இல்லை.

இதே பெருந்தொற்றுக் காலத்தில், அதே ஊரில் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் திருவரங்கத்தில், காலி இருக்கைகள் எழுப்பிய கேள்வி இன்னும் ஆழமாக எழுந்தது. ஒரு நிகழ்வைக் காண்பவர் அந்த நிகழ்வின் உறுப்பா, அல்லது அதற்கு வெளியே நிற்பவரா? வெளியே நிற்பவர் என்றால் அவர் இல்லாமலே நிகழ்வு முழுமையானது. அவருக்குப் பதில் எதையும் வைக்கத் தேவையில்லை. உறுப்பு என்றால் அவர் இடத்தில் வேறொன்றை வைக்க முடியுமா என்று கேட்டாக வேண்டும். விளையாட்டு உலகம் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாகக் கருதி அவசரமாகத் தீர்த்துக்கொண்டது. கோயில் மரபில் இதற்குப் பழைய, கவனமான விடைகள் உண்டு.

தமிழ்நாட்டின் பெரிய கோயில்களில் 2020 மார்ச் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை பக்தர்களுக்கு அனுமதி இல்லை. பூஜை ஒரு வேளையும் நிற்கவில்லை. செப்டம்பர் 1 அன்று கதவுகள் திறந்தன. ஆனால் அந்த ஆண்டின் வைகுண்ட ஏகாதசியான டிசம்பர் 25 அன்று, திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் பரமபத வாசல் திறக்கும் நேரத்தில் பொதுமக்கள் உள்ளே விடப்படவில்லை. அர்ச்சகர்கள், அரையர்கள், ஸ்தலத்தார், சீர்பாதம் தாங்கிகள், அதிகாரிகள் மட்டுமே இருந்தார்கள். மற்றவர்கள் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பார்த்தார்கள். பின்னரே, எண்ணிக்கையை வரையறுத்துப் பக்தர்கள் அந்த வாசல் வழியே செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு திருவரங்கத்தின் தனிக் கணக்குப்படி ஏகாதசி கார்த்திகையிலேயே, 2021 டிசம்பர் 14 அன்று வந்தது. அப்போதும் திறப்பு நேரத்தில் கட்டுப்பாடு நீடித்தது.

அந்த விடியற்காலையில் என்ன நடக்கிறது என்பதை உற்றுப் பார்த்தால்தான் காண்பவரின் இடம் புரியும். உற்சவரான நம்பெருமாள் ரத்னங்கி, பாண்டியன் கொண்டை, கிளிமாலை அணிந்து மூலஸ்தானத்திலிருந்து புறப்படுகிறார். விரஜா நதி மண்டபத்தில் நின்று வேத விண்ணப்பம் கேட்கிறார். பிறகு வடக்கு வாசல் திறக்கிறது. மணல்வெளியைக் கடந்து, ஆயிரங்கால் மண்டபத்தில் இருக்கும் திருமாமணி மண்டபத்தைச் சேர்கிறார். வாசல் திறக்கும் கணத்தில் எழும் ‘ரங்கா! ரங்கா!’ என்ற குரல் எந்த ஆகமத்திலும் எழுதப்பட்ட மந்திரம் இல்லை. அதைச் சொல்ல யாருக்கும் பட்டமோ ஊதியமோ கிடையாது. ஆனால் திருவிழாவை நினைக்கும் எவர் காதிலும் முதலில் ஒலிப்பது அந்தக் குரல்தான். 2020இல் வேதமும் வாத்தியமும் குறைவின்றி ஒலித்தன; இந்தக் குரல் உள்ளே இருந்த சிலருடையதாக மட்டும் இருந்தது.

கோயில் நிர்வாகம் அந்தக் குரலைப் பழைய பதிவிலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் போட்டிருக்கலாம். தொழில்நுட்பம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்படி ஒரு யோசனை எழுந்ததாகத் தெரியவில்லை; அது தற்செயல் இல்லை. அரங்கனின் திருவிழாவில் முதல் பார்வையாளர் அரங்கனே. ஏகாதசிக்கு முந்தைய பத்து நாளான பகல் பத்தில் அர்ஜுன மண்டபத்தில் அரையர் கூம்பு வடிவக் குல்லாய் தரித்து, கையில் தாளம் ஏந்தி, பாசுரம் பாடி அபிநயம் பிடிக்கும்போது அவர் முகம் நம்பெருமாளை நோக்கி இருக்கும். சுற்றி நிற்கும் கூட்டம் அவர் முதுகையும் தோளையும் பார்க்கும் இடங்களும் உண்டு. ஆட்டம் அவர்களுக்காக என்று தொடங்கவில்லை. நடக்கும் இடத்தில் நிற்கும் பேறு அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் நாலுகால் மண்டபம் இதே கோயிலில் தாயார் சன்னிதிக்கு எதிரே இருக்கிறது. புலவர்கள் தடை சொன்ன இடத்தில் மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஒப்புதல் தந்தார் என்பது அங்கு வழங்கும் கதை. அதிலும் கடைசித் தீர்ப்பு கேட்டுக்கொண்டிருந்த தெய்வத்துடையதுதான்.

அந்தக் கம்பராமாயணத்தையே ஆதாரமாகக் கொண்ட தோல்பாவைக் கூத்து, கேரளத்தின் பாலக்காட்டுப் பக்கத்துப் பகவதி கோயில்களில் இரவெல்லாம் நடக்கிறது. தாரிகன் என்ற அசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காணத் தவறிய பத்ரகாளிக்காக அந்தக் கூத்து. பல இரவுகளில் கூத்துமாடத்தின் முன்னே ஒரு மனிதரும் இருப்பதில்லை. விளக்குகள் எரிகின்றன, பாவைகள் ஆடுகின்றன, புலவர் தமிழ்ப் பாட்டுக்கு உரை சொல்கிறார். ஆளில்லாத மைதானம் அவர்களுக்கு நெருக்கடியாகத் தோன்றியதே இல்லை. எதிரே இருக்கும் சன்னிதியில் காண வேண்டியவள் காண்கிறாள். இந்த நம்பிக்கை உள்ளவருக்குக் காலி இருக்கையை அட்டையால் நிரப்பும் தேவை எழாது. விளையாட்டில் அப்படி ஒரு நிலையான சாட்சி இல்லை. ஆட்டம் மனிதர் மனிதருக்காக ஆடுவது; கூட்டம் போனால் எதிரே எதுவும் மிஞ்சவில்லை. அட்டை உருவங்களை அங்கே வரவழைத்தது வெறும் அலங்கார ஆசை அன்று. அந்த வெறுமையைத் தாங்க முடியாமைதான்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். அர்ஜுன மண்டபத்தில் அரையருக்கு இருபுறமும் ஆழ்வார்களும் ஆசாரியர்களும் விக்கிரகமாக வரிசையில் எழுந்தருளியிருக்கிறார்களே, அவர்களும் உருவத்தால் நிரப்பிய பார்வையாளர் வரிசைதானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. வேறுபாடு, அந்த உருவங்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஆழ்வார்கள் ‘அருளப்பாடு’ சொல்லி, பெயர் கூறி அழைக்கப்படுகிறார்கள். மாலை, பரிவட்டம், தீர்த்தம், சடாரி என்று முறைப்படி மரியாதை பெறுகிறார்கள். ஏகாதசி முதல் வரும் இராப்பத்தின் பத்தாம் நாள் நம்மாழ்வார் மோட்சத்தில், ஆழ்வார் விக்கிரகத்தை அர்ச்சகர்கள் கையில் ஏந்திச் சென்று நம்பெருமாளின் திருவடியில் தலை படும்படி சேர்த்து, துளசியால் முழுக்க மூடிவிடுவார்கள். சற்று நேரத்தில், ஆழ்வாரை உலகத்துக்குத் திருப்பித் தர வேண்டும் என்று விண்ணப்பம் செய்யப்படுகிறது. பெருமாள் இசைந்து தருகிறார். துளசியை விலக்கி ஆழ்வாரைத் திரும்ப எழுந்தருளப் பண்ணுகிறார்கள். கூட்டத்தில் பலர் அந்த நேரம் அழுதுவிடுவார்கள். காண வந்தவராக உட்கார்ந்திருந்த ஒருவர் நிகழ்வின் நடுவே எடுத்துச் செல்லப்பட்டு, இழக்கப்பட்டு, மீட்கப்படுகிறார். இருக்கையை நிரப்ப வைத்த உருவத்துக்கு இப்படி எதுவும் நேராது.

ரசிகரின் அட்டைப் படத்துக்கு நெருங்கிய உறவு வேண்டுமானால் அதுவும் இந்தக் கோயிலுக்குள் இருக்கிறது. திருச்சியைத் தலைநகராகக் கொண்டு 1706 முதல் 1732 வரை ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகள் கண்ணாடிக்குப் பின்னே நிற்கின்றன. தாம் இல்லாத நேரத்திலும் தம் உருவம் பெருமாள் முன் நிற்கட்டும் என்பது அத்தகைய சிலைகளின் நோக்கம். 19 யூரோ கட்டிய ஜெர்மன் ரசிகரின் மனமும் அதுவே. அந்த அன்பில் குறை காண ஏதுமில்லை. ஆனால் இதே நாயக்கரைப் பற்றிக் கோயிலில் இன்னொரு செய்தி வழங்குகிறது. கைசிக ஏகாதசி இரவில் கைசிக புராணம் படிப்பதைக் கேட்க வந்தவர் தாமதமாகிவிட்டார், படித்து முடிந்துவிட்டது. மறுபடி ஒரு முறை நடத்தச் சொல்லி அரசர் கேட்டார். நடந்தது நடந்ததுதான், இனி அடுத்த ஆண்டுதான் என்று பதில் வந்தது. அரசர் கோபிக்கவில்லை. ஓராண்டு திருவரங்கத்திலேயே தங்கி, மறு ஆண்டு கைசிகத்தைச் சேவித்த பிறகே போனார். உருவம் நிற்க வைக்கும் செல்வம் உள்ளவருக்கும், தம் கண்ணால் காண வேண்டியதற்குத் தம் கண்ணே வேண்டியிருந்தது. கோயிலும் ஓர் ஆளுக்காக நிகழ்வைத் திருப்பி நிகழ்த்திக் காட்ட இசையவில்லை.

பதிலி பற்றிய இந்த உணர்வுக்குத் தருக்க வடிவம் தந்தது, வேதச் சடங்குகளை ஆராயும் மீமாம்சை. ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதத்தில், யாகத்துக்கு விதித்த பொருள் கிடைக்காதபோது என்ன செய்வது என்பது விரிவாக ஆராயப்படுகிறது. நெல் இல்லையென்றால் காட்டு நெல்லான நீவாரத்தைக் கொள்ளலாம். சோமக்கொடி கிடைக்காவிட்டால் பூதிகக்கொடி. மூலப்பொருளோடு ஒப்புமை உள்ளதாகத் தேட வேண்டும். விலக்கப்பட்ட பொருள் எவ்வளவு ஒத்திருந்தாலும் ஆகாது. ஆனால் சிலவற்றுக்குப் பதிலியே கிடையாது. தெய்வத்துக்கு, அக்கினிக்கு, மந்திரத்துக்கு, விதித்த செயலுக்கு மாற்று வைக்க முடியாது. யாகத்தின் பலனுக்கு உரிய எஜமானனுக்கும் முடியாது. பலர் சேர்ந்து செய்யும் சத்திர யாகத்தில் ஒருவர் இறந்துபோனால் எண்ணிக்கை நிறைவுக்கு ஒருவரைச் சேர்க்கலாம். ஆனால் அவர் வேலைக்கு வந்தவரே தவிரப் பலனுக்கு உரியவர் அல்லர்.

பெருந்தொற்றுக் காலக் குழப்பத்துக்கு இந்தப் பாகுபாடு அளவுக்கு உதவும் கருவி வேறு இல்லை. கூட்டம் இரண்டு வகையில் நிகழ்வோடு சேர்கிறது. நிறம், ஒலி, நெரிசல், பின்னணி என்ற வகையில் அது பொருள். பொருளுக்கு மாற்று உண்டு. அட்டையும் பதிவு செய்த இரைச்சலும் அந்த அளவில் குற்றமற்றவை. மூலத்தை ஒத்திருக்கின்றன, தொலைக்காட்சி பார்ப்பவருக்கும் ஓரளவு பயன் தருகின்றன. ஆனால் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் பலனுக்கு உரியவரும் ஆவார். மகிழ்வதும் துக்கப்படுவதும் அவர். வரம் கேட்பதும் அவர். அந்த வகையில் அவர் எஜமானன். அவருக்குப் பதில் அட்டை நிற்காது. ஒரு நிகழ்வு தன் கூட்டத்தை எந்த அளவுக்குப் பொருளாக மட்டும் கருதி வந்திருக்கிறதோ, அந்த அளவுக்கு எளிதாக அது மாற்றால் நிறைவடைந்துவிடும். இந்த இடத்தில் விளையாட்டு வணிகத்தின் மீது ஒரு கடுமையான தீர்ப்பைச் சொல்லியே ஆக வேண்டும். ஒளிபரப்பு உரிமையே வருமானமாகிவிட்ட பிறகு, அரங்கில் இருக்கும் கூட்டத்தை அது நெடுநாளாகவே காட்சிப்பொருளாகத்தான் எண்ணி வந்தது.

ஆட்டமே அதற்கு எதிராகச் சாட்சி சொன்னது. ஐரோப்பிய லீகுகளில் காலி அரங்குகளில் நடந்த போட்டிகளை ஆராய்ந்தவர்கள், சொந்த மைதான அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் குறைந்ததைக் கண்டார்கள். வெளியூர் அணி வீரர்களுக்கு நடுவர் காட்டும் மஞ்சள் அட்டைகளும் குறைந்திருந்தன. கூட்டம் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை என்பது இதனால் தெளிவு. நடுவரின் கையையே அது அசைத்திருக்கிறது. ஒளிபரப்பில் சேர்த்த இரைச்சல் வீட்டில் இருப்பவரைச் சற்று ஏமாற்றியிருக்கலாம். அதற்கு ஆட்டத்தின் முடிவில் பங்கும் இல்லை, பொறுப்பும் இல்லை.

வைணவத்தில் காண்பவரின் இந்தச் செயலுக்கு மங்களாசாசனம் என்று பெயர். மதுரையில் கருடன் மேல் காட்சி தந்த பெருமாளைக் கண்ட பெரியாழ்வார் தமக்கென ஒன்றும் கேட்கவில்லை. இவ்வளவு பேர் நடுவே வந்துவிட்டாரே, இவருக்குக் கண் பட்டுவிடுமே என்று பதறி, இறைவனுக்கே பல்லாண்டு பாடினார். காப்பவனைக் காக்கத் துடிக்கும் இந்தப் பரிவைச் சம்பிரதாயம் பக்தியின் முதிர்ந்த நிலையாகக் கொண்டது. திவ்வியப் பிரபந்தத்தின் முதலில் திருப்பல்லாண்டை வைத்தது. காண்பவரால் காணப்படுபவருக்கு ஏதோ சேர்கிறது என்பதே அதன் உள்ளீடு. தத்துவப்படி பெருமாளுக்குக் குறை ஒன்றும் இல்லை. பக்தர் வராததால் அவர் குறைந்துவிட மாட்டார். ஆனால் விக்கிரக வடிவான அர்ச்சாவதாரத்தின் சிறப்பே, குறையில்லாதவன் அர்ச்சகரின் கைக்கும் அடியாரின் வரவுக்கும் தன்னை உட்படுத்திக்கொண்டதுதான். பிள்ளை லோகாசாரியர் இறைவனின் ஐந்து நிலைகளையும் நீர்நிலைகளாக விளக்கினார். அந்தர்யாமி பூமிக்கடியில் ஓடும் நீர்; பரமபதத்து நிலை அண்டத்துக்கு வெளியே உள்ள நீர்; வியூகம் பாற்கடல்; அவதாரங்கள் வெள்ளம் பாய்ந்து போன ஆறு; அர்ச்சை அந்த ஆறு விட்டுச் சென்ற மடு. தாகம் எடுத்தவன் குனிந்து அள்ளிக் குடிக்கக் கூடியது அந்த மடு ஒன்றே. அள்ள வருபவரைத் தடுத்து நிறுத்தும் காலத்தில் மடுவில் நீர் குறைவதில்லை, ஆனால் மடு எதற்காக இருக்கிறதோ அது நடப்பதில்லை. பூஜை குறைவின்றி நடந்தது என்பது உண்மை. அத்தனையும் நடந்தது என்பது உண்மை இல்லை.

திரையில் பார்த்தவர்களின் நிலை வேறு. அட்டை உருவம் ஆளுக்குப் பதில் வைத்தது. திரை இடத்துக்குப் பதில் வைத்தது. திரைக்கு முன்னால் ஓர் உண்மையான ஆள், உண்மையான கண், உண்மையான தாகம் இருக்கிறது. தூரத்திலிருந்து சேவிப்பதற்குத் திருவரங்கத்திலேயே ஒரு பெரிய சான்று உண்டு. இன்றைய திருச்சியின் பகுதியான உறையூரைச் சேர்ந்த திருப்பாணாழ்வார், குலத்தின் பெயரால் கோயிலுக்குள் விடப்படாமல், காவிரியின் தென்கரையில் நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். அவர் பக்தி தூரத்தால் குறையவில்லை என்று மரபே சொல்கிறது. அதே மரபு அவரை அங்கேயே நிற்கவும் விடவில்லை. அவர் மேல் கல் எறிந்த லோகசாரங்க முனிவரையே ஏவி, தோளில் சுமந்து வரச் செய்து, சன்னிதியில் நிறுத்தியது. அங்கே அவர் திருவடி தொடங்கித் திருக்கண் வரை கண்டு பாடிய பத்துப் பாசுரங்களே அமலனாதிபிரான். கரையில் நின்று செய்த சேவை செல்லும். ஆனால் அது போதும் என்று கோயிலுக்குள் இருப்பவர்கள் சொல்லிவிட முடியாது. எல்லாத் தூரத்து வழிபாட்டுக்கும் இந்த இரண்டு வாக்கியமும் சேர்ந்தே பொருந்தும்.

உற்சவம் என்ற ஏற்பாடும் இதே அக்கறையில் பிறந்தது. அசையாத மூலவருக்குப் பதிலாக உற்சவர் வீதிக்கு வருகிறார். நடக்க முடியாத முதியவரும், பிணியாளரும், ஒரு காலத்தில் உள்ளே விடப்படாதவரும் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் காண்கிறார்கள். அந்த நீட்சியில் பார்த்தால் நேரலை ஒளிபரப்பு ஒரு புதிய வீதி. அதன் எல்லையும் தெரிகிறது. வீதிப் புறப்பாட்டில் வீட்டார் வாசல் தெளித்துக் கோலமிட்டு எதிர்கொள்கிறார்கள். இருபுறமும் செயல் உண்டு. தீர்த்தமும் துளசியும் தலையில் வைக்கும் சடாரியும் திரையில் வருவதில்லை. கோயில் திறந்த பிறகும் நோய்ப்பரவல் விதிகளால் இவை பல மாதம் வழங்கப்படவில்லை. நேரில் போய் வந்தவர்களும் ஏதோ விட்டுப்போன உணர்வோடு திரும்பியதற்கு அதுவே காரணம். கண்ணும் காதும் பெற்றதைத் தலை பெறவில்லை.

மற்றச் சமயங்கள் தம் தம் வழியில் விடை கண்டன. கூட்டாகவே தொழ வேண்டிய வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் திரையில் மாற்று ஏற்பதை இஸ்லாமிய அறிஞர்களில் பெரும்பாலோர் மறுத்தார்கள். பள்ளிவாசல் மூடிய வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் லுஹர் என்ற நண்பகல் தொழுகையைத் தொழுவதே முறையாயிற்று. பதிலியைப் புதிதாகக் கண்டுபிடிக்காமல், சட்டம் ஏற்கெனவே வைத்திருந்த மாற்றுக் கடமைக்குத் திரும்பிய தெளிவு அது. வேளாங்கண்ணியில் 2020ஆம் ஆண்டுப் பெருவிழா யாத்திரிகர் இல்லாமல் நடந்து ஒளிபரப்பானது. கத்தோலிக்கர் நற்கருணையை மனத்தால் பெற்றுக்கொள்ளும் பழைய ஜெபத்தைக் கைக்கொண்டார்கள். இத்தாலியின் ராபியானோ என்ற சிற்றூரில் பங்குத்தந்தை தம் மக்களிடம் அவர்களுடைய படங்களைக் கேட்டு வாங்கிக் காலிப் பெஞ்சுகளில் ஒட்டி, அவற்றின் முன் பூசை நடத்தினார். ஜெர்மனியின் அட்டை உருவங்களுக்கு இரண்டு மாதம் முந்தியது இது. ஒவ்வொரு முகத்தையும் பெயரோடு அறிந்த ஒருவர் வைத்த படங்கள் என்பதால், இவை இருக்கை நிரப்புவதைவிட ஆழ்வார் வரிசைக்கே நெருக்கமானவை.

காண்பவர் கைகொடுத்தே ஆக வேண்டிய விழாக்களில் சிக்கல் இன்னும் கூர்மையானது. பூரியில் தேர் நகர இழுக்கும் கை வேண்டும். உச்ச நீதிமன்றம் முதலில் தடுத்துப் பின்பு அனுமதித்த 2020 ஜூன் 23 தேரோட்டத்தில், ஒரு தேருக்கு 500 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்போடு கோயில் சேவகர்களே இழுத்தார்கள். 2021இல் வைகைக்குப் போக முடியாத கள்ளழகருக்காக அழகர்கோயில் வளாகத்துக்குள்ளேயே செயற்கையாக ஒரு வைகை அமைக்கப்பட்டது. ஆற்றுக்கு மாற்று வைத்தார்கள், அழகருக்கோ ஆற்றில் இறங்கும் செயலுக்கோ வைக்கவில்லை. மீமாம்சகர் வகுத்த எல்லைக்குள் அச்சாக நின்ற ஏற்பாடு அது. விளையாட்டுக்கும் வழிபாட்டுக்கும் நடுவே நிற்கும் ஜல்லிக்கட்டில் அரசு வேறு வழி எடுத்தது. 2022 பொங்கலுக்கு வெளிவந்த விதிகள் பார்வையாளரை 150 பேர் அல்லது இருக்கைகளில் பாதி என்று சுருக்கின. மாற்று எதுவும் வைக்கவில்லை. குறைவான பேர், ஆனால் ஆட்களே.

மாற்று வைத்த பிறகு மூலம் திரும்பி வந்தால் மாற்றை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் திருவரங்கம் தன் வரலாற்றிலேயே விடை வைத்திருக்கிறது. 1323இல் டெல்லிப் படையெடுப்பின்போது மூலவரான பெரிய பெருமாள் கல்திரைக்குப் பின்னே மறைக்கப்பட்டார். உற்சவரான அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் தெற்கே புறப்பட்டு, மதுரைக்கு அருகே ஜோதிஷ்குடியில் உயிர்விட்டார். பெருமாள் பல ஊர் சுற்றி, விஜயநகரத் தளபதி கோபணாரின் முயற்சியால் 1371இல் திரும்பினார். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் எழுந்தருளப்பட்டுப் பூஜை நடந்துகொண்டிருந்தது. வந்தவர் யார் என்று அடையாளம் சொல்லப் பழையவர்கள் மிஞ்சவில்லை. கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர், பழைய நாளில் பெருமாளின் திருமஞ்சன ஆடை பிழிந்த தீர்த்தத்தைப் பருகிப் பழகியவர். இரு விக்கிரகங்களுக்கும் திருமஞ்சனம் செய்து ஈர ஆடையின் நீரைத் தந்தபோது, ஒன்றைச் சுவைத்து ‘இவரே நம் பெருமாள்’ என்றார் என்று கோயிலொழுகு மரபு கூறுகிறது. அழகிய மணவாளன் அன்று முதல் நம்பெருமாள் ஆனார். அடையாளம் கண்டது பார்வை அன்று, நெடுநாள் அருகில் இருந்த பழக்கம். இடைக்காலத்து உற்சவர் தள்ளப்படவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு, யாகங்களுக்குரிய யாகபேரராக இன்றும் தம் பணியில் இருக்கிறார். நம்பெருமாளின் இடத்தில் மட்டும் இல்லை.

நேரலை ஒளிபரப்புக்கும் இந்த முறையே பொருந்தும். 2023 ஜனவரி 2 அன்று பரமபத வாசல் மீண்டும் பக்தர்கள் சூழத் திறந்தது, ஒளிபரப்பும் தொடர்ந்தது. தொடரத்தான் வேண்டும். படுக்கையில் இருப்பவர்களுக்கும், கடல் கடந்து வாழ்பவர்களுக்கும், விடுப்புக் கிடைக்காத தொழிலாளிக்கும் அதுவே தென்கரை. ஆனால் கூட்டத்தைச் சமாளிப்பது கடினம் என்றோ, கட்டண வரிசைக்கு இடம் வேண்டும் என்றோ, வரக்கூடியவரைப் பார்த்து ‘வீட்டிலிருந்தே சேவிக்கலாமே’ என்று சொல்லும் நாள் வந்தால், அன்று மாளிகையார் நம்பெருமாள் இடத்தில் உட்கார்த்தப்பட்டுவிட்டார் என்று பொருள். கோயிலை நடத்துபவர்கள் அதற்கு இடம் தரக் கூடாது. விளையாட்டை நடத்துபவர்களும் அரங்கின் மலிவான இருக்கையைத் திரைக்காகக் கைவிட்டுவிடக் கூடாது.